மூன்றாவது ஏற்றம்

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. சண்டை என்றால் இரண்டு நாள் சத்தம் போட்டு மூன்றாம் நாள் சிரித்துத் தொலைக்கலாம். இது அந்த ரகமில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுப்பார்கள். நடுவில் மகள் ஒருத்தி தபால்காரி மாதிரி அல்லாடிக்கொண்டிருப்பாள்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, முட்டை அவிச்சு மூடி வெச்சிருக்கேன்னு.”

“எனக்குக் கண்ணு தெரியும்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

மகளுக்கு ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. “நாள் பூரா ஊர்ல இருக்கறவன் வாயையெல்லாம் திறக்க வைக்கிறேன். வீட்டுல இருக்கற ரெண்டு வாயைத் திறக்க வழியைக் காணோம்” என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுப்பாள்.

அம்மாவுக்கு வயது அறுபத்தொன்று. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. பெண்களில் அப்படியொரு உயரத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை என்பதால் சேர்ந்த வாரமே நெட்டையக்கா என்று பேர் விழுந்தது. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆனாலும் தெருவில் எல்லாருக்கும் அவர் மெக்கானிக்தான். யார் வீட்டு மோட்டார் முனகினாலும் கூப்பிட்டு அனுப்புவார்கள், அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பேச்சு நின்று போனதற்குக் காரணம் மலை. ஊரை ஒட்டி எழும்பி நிற்கிற அந்த மலையில் வருஷத்துக்கு ஒரு தடவை மாரத்தான் நடக்கும். மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். சமவெளியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்துத் தெம்பாக வீட்டுக்குப் போகிறவனெல்லாம் இங்கே வந்து கையைக் காலை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மெக்கானிக் அதைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓடியவர். ஷிப்ட் முடிந்து கிரீஸ் நாற்றத்தோடு வந்து, ஒரு வாய் காப்பியைக் குடித்துவிட்டு ஓடிப் பழகக் கிளம்பிப் போவார். அவள் சைக்கிளில் தண்ணீரும் துண்டும் வைத்துக்கொண்டு பின்னால் போவாள். ஒரு நாள் சைக்கிள் டயர் வெடித்துவிட்டது. வண்டியை ஒரு கடை வாசலில் சாத்திவிட்டு, தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்தபடி அவர் பின்னால் ஓடினாள். அப்போது அவளுக்கு ஐம்பதுக்கு மேல். மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து சைக்கிளை எடுப்பது குறைந்தது.

பிறகு அவருடைய முட்டி போயிற்று. மலையில், மூன்றாவது ஏற்றத்தில்தான் போயிற்று. ஆபரேஷன் ஆனது. இனி நடக்கலாம், ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் ஓடாத வீட்டில் நாம் ஓடினால் நன்றாக இருக்காது என்று அவளும் ஒரு வருஷம் சும்மா இருந்தாள். அந்த ஒரு வருஷத்தில் சலவைக்கூடத்துக்குப் போவது, வருவது, சமைப்பது, படுப்பது என்று இருந்த காலுக்கு என்னவோ புழுக்கம் கண்டது. ஒரு நாள் வேலை விட்டு வரும்போது பஸ் ஏறாமல் வீடு வரைக்கும் ஓடியே வந்துவிட்டாள். மெக்கானிக் பார்த்தார். ஆற்றங்கரை ரோட்டில் ஓடினாள். பக்கத்து ஊர்ப் பந்தயங்களில் ஓடினாள். அதற்கெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. மலைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“அது ரோடு கிடையாது. மலை. அதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“ஓடினாத் தெரிஞ்சுட்டுப் போகுது.”

அதோடு சரி.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமைக்கு லீவு கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கிடைக்காதது போதாதென்று சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் பெரிய இயந்திரம் வியாழக்கிழமையே பெல்ட் அறுந்து படுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு, திங்கள் உண்டா? கட்டிலுக்குக் கட்டில் விரிப்பு வேண்டும், அறுவை அறைக்குப் பச்சைத் துணி வேண்டும். ஈரத் துணியைத் தொட்டியில் அள்ளி மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் கொடியில் போடுவது என்று முடிவாயிற்று. லிப்ட் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குத்தான் உண்டு, சலவைக்கூடத்துக்குப் படிதான். ஈரமான கட்டில் விரிப்பு என்ன கனம் கனக்கும் என்பது தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு வானம் வேறு மூடிக்கொண்டு நின்றது. காய்ந்தும் காயாததுமாக எடுத்துவந்து துணி தேய்க்கிற சூடான உருளையில் விட்டு இழுக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் இரண்டு பேர் துணியை விடுவார்கள், அந்தப் பக்கம் நெட்டையக்காவும் அவளுடைய ஜோடியும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து வாங்குவார்கள். ஆவி முகத்தில் அடிக்கும். விரல் நுனியெல்லாம் எப்போதோ மரத்துப்போனது.

ஜோடிக்காரிக்குக் கட்டைக்குரல் என்று பேர். ஆண்பிள்ளைக் குரல். போனில் பேசினால் எல்லாரும் ‘சார்’ என்பார்கள்.

“லீவு குடுக்கலேன்னா வரமாட்டேன்னு சொல்றதுதானே? அந்த சூப்பர்வைசர் என்ன, தலையையா வாங்கிடுவான்?”

“அவன் என்ன பண்ணுவான் பாவம். ஆள் இல்லை.”

“உனக்கும்தான் கால் இல்லை. குனிஞ்சு பாரு. சாக்ஸை எடுத்தா அந்த அச்சு அப்படியே பள்ளமா நிக்குது. நாளைக்கு ஓடப்போற காலா இது?”

“வேற காலுக்கு எங்க போறது? இதுதான் இருக்கு.”

“ஏன்க்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அந்த மனுஷன்தான் வேண்டாம்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்காரு. உடம்பும் முடியலை. இந்த வருஷம் விட்டுட்டு அடுத்த வருஷம் ஓடினா ஆகாதா?”

நெட்டையக்கா துணியின் முனையை நெஞ்சோடு சேர்த்து மடித்தாள். “அடுத்த வருஷம் அவர் சிரிச்சுட்டு அனுப்புவாரா? இல்லே, எனக்குத்தான் வயசு குறையுமா? மடி, மடி. அங்க குவியுது பாரு.”

கட்டைக்குரல் மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “போய்த் தொலை. ஆனா முடிச்சுட்டு வா. பாதியில திரும்பி வந்தே, திங்கக்கிழமை உன்கூட மடிக்கமாட்டேன்” என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை வேகப்போட்டுவிட்டு, சுவரில் காலைத் தூக்கிச் சாத்திக்கொண்டு தரையில் படுத்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டாள். கல் மாதிரி இருந்தது. மெக்கானிக் நாற்காலியில் பேப்பரைப் பிரித்து வைத்திருந்தார். ஒரே பக்கத்தை அரைமணியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“உங்கம்மாகிட்ட சொல்லு” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. “இந்தக் காலை வெச்சுக்கிட்டுப் போனா ரெண்டாவது ஏற்றம் தாண்டமாட்டா. தலையால தண்ணி குடிச்சாலும் தாண்டமாட்டா.”

அவளுக்குக் கோபம் காலிலிருந்து தலைக்கு ஏறியது.

“உங்கப்பாகிட்ட சொல்லு. அவர் கால் எதுவரைக்கும் போச்சுன்னு நான் கேக்கலை.”

மகளின் கை அப்படியே நின்றுவிட்டது. “இதை நான் சொல்லமாட்டேன்மா.”

“சொல்ல வேண்டாம்” என்றார் மெக்கானிக். “கேட்டுருச்சு.”

பேப்பரை நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு உள்ளே போனார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. போய்ச் சமாதானம் சொல்லவும் மனசு வரவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துத் தண்ணீர் வழிந்தது. எழுந்து போய் அதை இறக்கினாள், உப்பைத் தொட்டு நின்றபடியே மூன்று கிழங்கைத் தின்றாள், ஷூவை எடுத்து வாசலில் வைத்தாள்.

காலையில் தூறிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடித்ததும் இளவட்டங்கள் எல்லாம் கொட்டிலைத் திறந்துவிட்ட கன்றுகள் மாதிரி பாய்ந்தன. அவள் கடைசி வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் மட்டும்தான். நேரத்துக்குள் ஓட முடியாதவர்களைப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு வருவதற்கென்றே கடைசியில் விடுகிற வேன் அது. ஓட்டக்காரர்கள் அதற்கு வைத்த பேர் குப்பை வண்டி.

முதல் ஏற்றம் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ரோடு. அதை வெறியில் ஏறிவிட்டாள். நேற்றைய கோபம் ஏற்றிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வழியில் சிவப்புப் பனியன் போட்ட ஒரு பையன், பக்கத்தில் வந்து மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டே பேச்சுக் கொடுத்தான்.

“உங்களைப் பார்த்தா எங்களுக்கெல்லாம் ஒரு உற்சாகம்மா. இந்த வயசுல வீட்டுல உக்காராம வந்திருக்கீங்களே!”

“உனக்கு என்ன வயசு தம்பி?”

“இருபத்தேழு.”

“நீயும்தான் வீட்டுல உக்காராம வந்திருக்கே. நான் ஏதாவது சொன்னேனா? ஓடு.”

பையன் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டான்.

ஏற்றம் பரவாயில்லை, இறக்கம்தான் கொன்றது. களைத்த காலுக்கு இறக்கத்தைப் போல எமன் கிடையாது. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரமெல்லாம் தொடையில் வந்து இறங்கியது. மூன்று நாள் படியேறிய தொடை. ஷூவுக்குள் பெருவிரல் முன்னால் போய் இடித்தது. இரண்டாவது ஏற்றத்தில் மரங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போயிற்று, எங்கே முடியும் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வளைவில் கால் கெஞ்சியது. அடுத்ததில் திட்டியது. அதற்கடுத்ததில் அதுவும் பேசாமல் போய்விட்டது. வாழைப்பழம் நீட்டிய ஒருத்தியிடமிருந்து வாங்கிப் பாதியைத் தின்றாள். மீதியைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வெகு தூரம் வாயிலேயே வைத்துக்கொண்டு ஓடினாள்.

ஆனால் இரண்டாவது ஏற்றத்தைத் தாண்டிவிட்டாள். உச்சியில் ஏற்றம் முடிந்தது என்று எழுதிப்போட்டிருந்த பலகையைப் பார்த்ததும், “தலையால தண்ணி குடிக்கலை. காலாலதான் வந்தேன்” என்று வாய்விட்டே சொன்னாள். தண்ணீர் கொடுக்க நின்ற பெண், “என்னம்மா, தண்ணியா?” என்று பதறி ஓடிவந்தாள்.

அந்த இறக்கத்தில் சிவப்புப் பனியன் பையன் ரோட்டோரக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் கோணிக்கிடந்தது. அவள் நிற்கவில்லை. “பெருவிரலைப் பிடிச்சு உன் பக்கமா இழு. இழுத்துட்டே இரு” என்று கத்திவிட்டுப் போனாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வேன் நிற்கிற சத்தமும் கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. சரி, அடுத்தது நாம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஏற்றம் கல்குவாரி ரோடு. நிழல் கிடையாது, மரம் கிடையாது, மலையை வெட்டித் தின்ற மஞ்சள் பாறைதான் இரண்டு பக்கமும். காற்று எதிரே வந்து நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. தூறல் இப்போது ஊசி மாதிரி முகத்தில் குத்தியது. குனிந்த தலை நிமிராமல் வந்தவள், குவாரி வளைவில் யாரோ கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை முதலில் கவனிக்கவில்லை.

“போதும். நில்லு.”

நாலு மாதத்துக்கு அப்புறம் மெக்கானிக் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. மகள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கை தட்டத்தான் அப்பா போகிறார் என்று அந்தப் பைத்தியம் நம்பியிருக்கிறது.

அவள் நிற்கவில்லை. “யார்கிட்ட பேசறீங்க? உங்க பொண்ணு இங்க இல்லையே.”

அவர் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். அவள் ஓட்டம் அந்த லட்சணத்தில் இருந்தது. நொண்டி நடக்கிற மனுஷனால் கூடவே வர முடிந்தது.

“இதுக்குப் பேரு ஓட்டமா? நான் குடையை ஊனிக்கிட்டே வந்துடறேன்.”

“வர்றீங்கல்ல, வாங்க.”

“வலது கால் வெளிப்பக்கமா விழுது, தெரியுதா? இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சிருச்சு. முட்டியில இடி இறங்குது. இதே வளைவுலதான் எனக்குப் போச்சு.”

“எனக்குத் தெரியாதா? சைக்கிள்ல பின்னாடி வந்தது யாரு? வேன்ல ஏறமாட்டேன்னு அடம் பிடிச்சு, என் கேரியர்ல உக்காந்து இறங்கினது யாரு?”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

“அன்னிக்கு முதல் ஏற்றத்துலயே உங்க முட்டி வீங்கினதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை நில்லுங்கன்னு சொன்னேனா?”

அவர் குடையை அடுத்த கைக்கு மாற்றி ஊன்றினார். குடை நுனி தாரில் டக் டக் என்றது. “ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் என்ன?”

மலைக்கு மேலே காற்று ஊளையிட்டது. அவர் எதையோ சொன்னார், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

“என்ன? கேக்கலை.”

“எனக்குப் பொறாமையா இருக்குன்னு சொன்னேன்!” கத்தினார். கத்திய பிறகு குரலை இறக்கினார். “உனக்கு வேலை இருக்கு. மடிக்கறதுக்குக் கூட ஒருத்தி இருக்கா. ஓடினா ஓட்டம் இருக்கு. எனக்கு ஊர்ல இருக்கற மோட்டாரையெல்லாம் சும்மா பிரிச்சுப் பிரிச்சு மூடிக் குடுக்கறதுதான் மிச்சம். இந்த மலை ஒண்ணு என்னோடதுன்னு இருந்துச்சு. நேத்து நீ ஷூவை வாசல்ல வெச்சே பாரு, அப்ப எடுத்து வீசிடலாமான்னு இருந்துச்சு. பொண்டாட்டி மேல பொறாமைப்படற ஆம்பளையை எங்கயாவது பார்த்திருக்கியா?”

“நாலு மாசமா தினமும் பார்த்துட்டுதான் இருக்கேன். நான் என்ன குருடியா?”

“தெரிஞ்சுமா ஓடறே?”

“தெரிஞ்சுதான் ஓடறேன்.” மூச்சு போதவில்லை, விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. “பொறாமைப்படுங்க. வேண்டாங்கலை. நேத்து உங்க காலைச் சொன்னது தப்பு. அது வேற. ஆனா நில்லுன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்தக் கால் நின்னுட்டேதான் இருக்கு. அடுப்பு முன்னாடி நின்னுச்சு. உங்கம்மா படுத்திருந்தப்போ கட்டில் பக்கத்துல நின்னுச்சு. உருளை முன்னாடி இன்னும் நிக்குது. நின்னது போதும் எனக்கு.”

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேன் பக்கத்தில் வந்து ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவன் மழைக்கோட்டு போட்ட ஒரு இளைஞன். கழுத்தில் விசில் தொங்கியது.

“அம்மா, நேரம் முடிஞ்சுருச்சும்மா. லாரிக்கு ரோடைத் திறக்கணும். நல்லா ஓடினீங்க. ஏறிக்குங்க.”

அவளுக்கு முன்னால் வாயைத் திறந்தது மெக்கானிக்.

“யாரை ஏறச் சொல்றே?”

“ஐயா...”

“மூணாவது ஏற்றத்துல பாதிக்கு மேல வந்தவளை ஏறச் சொல்ற? நீ ஏறியிருக்கியா இந்த மலையை? வண்டியில இல்லை, காலால?”

“நான் என்ன பண்றது? விதிமுறை. நீங்க யாருங்க?”

“நானா? நான்...” குடையை அவள் பக்கம் நீட்டினார். “அவளை நிக்கச் சொல்ல வந்தவன்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

“நான் சொல்றது வேற, நீ சொல்றது வேற!”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் நெட்டையக்கா.

ஓடிக்கொண்டே நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் துணியைக் கழற்றப் பார்த்தாள். நாலு மூலையிலும் ஊசி. குளிரிலும் நனைந்ததிலும் விரல் வேலை செய்யவில்லை. மெக்கானிக் பார்த்தார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நொண்டிக்கொண்டே, ஒவ்வொரு ஊசியாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். ஒரு இடத்தில்கூட அவள் நிற்கவில்லை, அவரும் நிற்கச் சொல்லவில்லை. நம்பர் துணி கையோடு வந்தது. அதை வாங்கி ஜன்னல் வழியாக விசில்காரன் மடியில் போட்டாள்.

“இப்போ நான் உங்க பந்தயத்துல இல்லை. ரோட்டுல போற பொம்பளை. ரோடு திறந்தாச்சுல்ல?”

“திறந்தாச்சு... ஆனாம்மா, உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?”

“பின்னாடிதானே வரப்போறே. பொறுக்கிக்கோ.”

அவள் போய்விட்டாள். ஏற்றம் இன்னும் செங்குத்தாக இருந்தது. மெக்கானிக் வாயில் நாலு ஊசியோடு பத்தடி கூடப் போய்ப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. ரோட்டோரத்தில் குடையை ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டார். வேன் நின்றது.

“ஐயா, நீங்க?”

அவர் மேலே போகிற அவளைப் பார்த்தார். கீழே வந்த வழியைப் பார்த்தார். அத்தனை வருஷம் ஓடியதில் அந்த வண்டியின் படியில் ஒரு தடவைகூடக் கால் வைத்தவரில்லை. முட்டி உடைந்த அன்றைக்கே ஏறாதவர். ஊசிகளை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், கதவைத் திறந்து ஏறினார். உள்ளே சிவப்புப் பனியன் பையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தான். “தள்ளு” என்றார் அவனிடம். “ஜன்னலோரம் எனக்கு வேணும்.”

உச்சியைத் தாண்டியதும் இறக்கம். குவாரி லாரிகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. விசில்காரன் டிரைவரிடம் ஏதோ சொல்ல, வேன் அவளை முந்தாமல், மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. லாரிகள் ஒலி எழுப்பின. அதையெல்லாம் மீறி ஒரு குரல் கேட்டது. மெக்கானிக் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கத்தினார்.

“அடியைக் குட்டையா வை! குட்டையா! பின்னாடி சாயாதே, தொடை போயிடும்!”

“தெரியும்!” என்று அவளும் கத்தினாள். தெரியாது. அடியைக் குட்டையாக வைத்தாள். தொடைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

“கையைத் தொங்கப் போடு! தோளை எதுக்குக் காதுகிட்ட வெச்சிருக்கே?”

“ஐயா, உள்ளே வாங்க, லாரி வருது” என்றான் விசில்காரன்.

“நீ ரோடைப் பாரு!”

பையன் கம்பளிக்குள்ளிருந்து, “எனக்கும் இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாம்” என்றான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது தூறல் விட்டிருந்தது. கடைகள் திறந்து வியாபாரம் நடந்தது. பை தூக்கிக்கொண்டு போனவர்கள், நம்பர் இல்லாமல் நனைந்த துணியோடு தள்ளாடி ஓடிவருகிற நெட்டைக் கிழவியையும் அவள் பின்னால் விளக்குப் போட்டுக்கொண்டு வருகிற வேனையும் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். முடிவிடத்தில் கூட்டம் கலைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. கோட்டுக்கு மேலே கட்டியிருந்த அலங்கார வளைவைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் அணைந்திருந்தது. காகிதக் கோப்பைகளைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், அவள் வருவதைப் பார்த்துத் துடைப்பத்தை ஓரமாக இழுத்துக்கொண்டாள். தரையில் போட்ட வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. நெட்டையக்கா அதை மிதித்துத் தாண்டினாள். இரண்டு முட்டியிலும் கையை ஊன்றிக் குனிந்தாள்.

அப்பாவைக் குவாரியில் விட்டுவிட்டு வந்து மாற்றுத் துணியோடு காத்துக்கிடந்த மகள் ஓடிவந்தாள். அழுதிருந்தாள் போல. “எங்கம்மா போனே? எல்லாரும் எப்பவோ வந்தாச்சு. அப்பா எங்க?”

“குப்பை வண்டியில வர்றார்.”

“என்னது?”

வேன் வந்து நின்றது. மெக்கானிக் படியில் ஒரு காலை வைத்து, மறுகாலை இழுத்து வைத்து இறங்கினார். நேராக வந்து பெண்டாட்டிக்கு முன்னால் நின்றார். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எந்தக் கால்?” என்றார்.

“வலது. தொடை பிடிச்சுக்கிட்டிருக்கு. பெருவிரல் நகம் போயிருச்சுன்னு நினைக்கிறேன்.”

“ஷூவைக் கழட்டு.”

நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து கழற்றினாள். சாக்ஸ் சிவந்திருந்தது. அவரால் குந்த முடியாது, அதனால் அவளுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள்.

“கயிறைக் கடைசி ஓட்டை வரைக்கும் கோத்து இறுக்கணும். குதிகால் அசையாம இருந்தா விரல் முன்னாடி போகாது.”

“இதை நாலு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்” என்றார். மறுக்கவில்லை. “முதல் ஏற்றத்துல என்ன அவசரம்? வெறி பிடிச்ச மாதிரி போயிருப்பே.”

“போனேன்.”

“போகக்கூடாது. அங்க விட்ட தெம்புதான் குவாரியில வந்து கழுத்தைப் பிடிச்சுது. கணக்குல நீ ஓடி முடிக்கவேயில்லைன்னு எழுதிடுவான் அந்த விசில்காரன்.”

“எழுதட்டும். அடுத்த தடவை நேரத்துக்குள்ள முடிக்கிறேன்.”

“முடியாது. ஒரு வயசு கூடும்ல?”

“கூடட்டும்” என்றாள். மடியிலிருந்த காலை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. “நல்லா அமுக்குங்க. இன்னும் கீழே. அங்கதான்.”